சிறிய கசிவு, இறங்காத அழுத்தம்: அரிவாள் செல் கேரியர் ஒருவரின் கண் காயம் குறித்த நிகழ்வு ஆய்வு

பரம்பரை ரத்தக் கோளாறுகளுக்கும் கண் நோய்களுக்கும் இடையே சொல்லப்படும் தொடர்புகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில தொடர்புகளுக்குக் காரணம் படிப்படியாக விளக்கப்பட்டுவிட்டது. வேறு சில, பரவலாக உள்ள இரண்டு நோய்கள் ஒரே ஆளிடம் தற்செயலாகச் சேர்ந்திருப்பதற்கு மேல் எதையும் காட்டுவதில்லை. இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு முதல் வகையைச் சேர்ந்தது. சிவப்பணுக்களை அரிவாள் போல வளையச் செய்யும் அரிவாள் செல் மரபணுவைத் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களை நாம் கேரியர்கள் என்கிறோம். அவர்களுக்கு நோய் இல்லை, கவலை வேண்டாம் என்று பரிசோதனை முகாம்களில் சொல்லி அனுப்புகிறோம். அன்றாட வாழ்க்கைக்கு அந்த அறிவுரை பெரும்பாலும் சரியானதே. ஆனால் கண்ணின் முன்னறையில், அதாவது கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடையே நீர் நிறைந்த இடத்தில், ரத்தம் கசிந்துவிட்டால், கேரியரின் ரத்தமும் அந்தச் சிற்றிடத்தில் நோயாளியின் ரத்தத்தைப் போலவே நடந்துகொள்கிறது. அதை அறியாமல் அளிக்கப்படும் வழக்கமான சிகிச்சை நிலைமையை மேலும் கெடுக்கலாம். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இப்பதிவில் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் முதல் சிகிச்சையும்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் வட்டாரத்தில் உள்ள பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன். மாலையில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தபோது, புள்ளைப் பிடிப்பதற்காக எதிரில் நின்றிருந்த அவனது வலது கண்ணில் அது பட்டது. இரு முனைகளும் கூராகச் சீவப்பட்ட அந்தச் சிறு கட்டை கண்ணைத் துளைத்துக்கொண்டு போவதை நம் ஊர்க் கண் மருத்துவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். இவனுக்கு அதன் நடுப்பகுதி மோதியதால் விழி கிழியவில்லை. வலியும் மங்கலும் உடனே தொடங்கின. இரண்டு மணி நேரத்துக்குள் அருகில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள். அங்கே முன்னறையில் ரத்தம் இருப்பதைச் சரியாகவே கண்டறிந்து, கண் அழுத்தம் 28 மி.மீ. (பாதரச அளவில், இயல்பைவிட அதிகம்) என்று குறித்து, அதைக் குறைக்க டைமலால் சொட்டு மருந்தும், அசிட்டசோலமைடு 250 மி.கி. மாத்திரை நாளுக்கு நான்கு வேளையும், வலிக்கு ஐபுரூஃபெனும் கொடுத்து, மறுநாள் காலையில் எங்களிடம் அனுப்பி வைத்தார்கள். சாதாரண ரத்தம் உள்ள ஒரு பிள்ளைக்கு இந்த மருந்துச் சீட்டில் பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஐபுரூஃபெனை மட்டும், மறுகசிவுக்கு இடம் தரும் என்பதால், யாருக்கும் தவிர்ப்பது நல்லது.

காலையில் நாங்கள் பார்த்தபோது வலது கண்ணில் விரல்களை இரண்டு மீட்டர் தூரத்தில் எண்ணும் அளவே பார்வை இருந்தது; இடது கண்ணில் 6/6. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் கருவிழி லேசாக நீர்கோத்து மங்கியிருந்தது. முன்னறையின் அடியில் சுமார் 2 மி.மீ. உயரத்துக்கு ரத்தம் படிந்து, அதற்கு மேலே உள்ள நீரில் சிவப்பணுக்கள் மிதந்தன. கண்மணியின் விளிம்பில் சிறு கிழிசல் இருந்தது. லென்ஸ் இடம் மாறவில்லை. பி-ஸ்கேன் என்ற ஒலியலைச் சோதனையில் விழித்திரை ஒட்டியபடியே இருந்தது. இரு கண்மணிகளும் ஒளிக்குச் சுருங்குவதில் பார்வை நரம்பின் பாதிப்பைக் காட்டும் வேறுபாடு அப்போது எதுவும் இல்லை. கோல்ட்மேன் கருவியில் அழுத்தம் 36 மி.மீ.

இதில்தான் கணக்கு பொருந்தவில்லை. முன்னறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான ரத்தம் என்பது முதல் நிலைக் கசிவு. முன்னறை முழுக்க ரத்தம் நிறைந்து கறுத்துப்போன கண்ணில் 36 என்றால் யாரும் வியப்பதில்லை. அடியில் ஒரு கோடு போலக் கிடக்கும் ரத்தத்துக்கு, அதுவும் அசிட்டசோலமைடு இரவு முழுவதும் உடலில் இருந்த பிறகு, அழுத்தம் 28-இலிருந்து 36-க்கு ஏறுவது வழக்கமல்ல. நீர் வடியும் கோணத்தில் பெரிய கிழிசல் இருந்தாலும், முன்பே கண் அழுத்த நோய் இருந்தாலும் அப்படி ஏறலாம். ஆனால் பிள்ளை அரிவாள் செல் காணப்படும் மலைப்பகுதியிலிருந்து வருகிறான் என்பது கேஸ் தாளின் முதல் வரியிலேயே இருந்தது.

குடும்பத்தில் யாருக்காவது சிக்கிள் செல் உண்டா என்று தாயிடம் கேட்டோம். மூத்த மகளுக்கு உண்டு என்றும், அவள் பல ஆண்டுகளாக ஹைட்ராக்சியூரியாவும் ஃபோலிக் அமில மாத்திரையும் சாப்பிடுகிறாள் என்றும் சொல்லிவிட்டு, பையிலிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து மகனின் பரிசோதனை அட்டையை எடுத்துக் காட்டினார். "மூத்தவளுக்குத்தானுங்க டாக்டர் சீக்கு. இவன் வெறும் கேரியர், இவனுக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டார். முதல் மருத்துவமனையில் அந்த அட்டையை யாரும் கேட்கவில்லை. அதைக் காட்ட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. ஒண்ணும் இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்றை எதற்காகக் காட்டுவது?

சிகிச்சையும் அதன் போக்கும்

அசிட்டசோலமைடும் ஐபுரூஃபெனும் உடனே நிறுத்தப்பட்டன. டைமலால் 0.5 சதவீதம் இருவேளை, அட்ரோபின் 1 சதவீதம், பிரட்னிசலோன் சொட்டு, வலிக்குப் பாராசிட்டமால், கண்ணுக்குக் கெட்டியான மூடி, தலையை 30 முதல் 45 பாகை வரை உயர்த்திய படுக்கை, வாய்வழியாகப் போதிய நீர் என்று சிகிச்சை மாற்றப்பட்டது. வழக்கமாக அடுத்து கை நீளும் மருந்தான மேனிட்டாலையும் தவிர்த்தோம். அது உடலின் நீரை வெளியேற்றி ரத்தத்தைக் கெட்டியாக்கும். இதற்கிடையே விரல் நுனி ரத்தத்தில் செய்த கரைதிறன் சோதனையில் அரிவாள் செல் மரபணுவால் உண்டாகும் ஹீமோகுளோபின் எஸ் இருப்பது உறுதியானது. இச்சோதனை சில நிமிடங்களில் முடியும், செலவும் குறைவு. ஆனால் கேரியரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது. அதற்காக, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பப்பட்டது.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்த அழுத்தம் 32, 29, 31, 30 என்று நின்றது. சாதாரண ரத்தம் உள்ளவர்களிடம் இந்த அளவு அழுத்தத்தைச் சில நாட்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். பார்வை நரம்பைக் காப்பதற்காகப் பொதுவாகச் சொல்லப்படும் அறுவை எல்லை, 50 மி.மீ. ஐந்து நாட்கள் அல்லது 35 மி.மீ. ஏழு நாட்கள். அரிவாள் செல் உள்ளவர்களுக்கு, கேரியர்கள் உட்பட, அந்த எல்லை 24 மி.மீ.க்கு மேல் 24 மணி நேரம் என்று வெகுவாகக் கீழே இறக்கப்பட்டிருக்கிறது. இரு எல்லைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தாலே, அட்டையில் உள்ள ஒரு வரி சிகிச்சையை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பது தெரியும். இரண்டாம் நாள் காலையில் முன்னறையைக் கழுவுவது என்று முடிவாயிற்று. மயக்க மருத்துவரிடம் விவரம் சொல்லி, உடல் வெப்பம், நீர்ச்சத்து, ஆக்சிஜன் மூன்றும் குறையாதபடி பொது மயக்கம் கொடுக்கப்பட்டது. கருவிழியின் ஓரத்தில் சிறு துளையிட்டு, முதலில் கழுவும் நீர் எதுவும் செலுத்தாமல், முன்னறை நீரில் சில சொட்டுகளை மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்துக்கொண்டோம். பிறகு உப்புக்கரைசலால் மிதக்கும் ரத்தத்தைக் கழுவி வெளியேற்றினோம். ஐரிஸில் ஒட்டியிருந்த உறைகட்டியின் ஒரு துண்டை அப்படியே விட்டுவிட்டோம். இழுத்தெடுத்தால் மீண்டும் கசியும்.

உறிஞ்சி எடுத்த நீரைக் காற்றுப்பட விடாமல் ஊசியிலிருந்தே ஃபார்மலின் கரைசலுக்குள் செலுத்த வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் வளைந்த அணுக்கள் மீண்டும் வட்டமாகிவிடும். பார்க்க வேண்டியது பார்ப்பதற்குள் மறைந்துபோகும். அன்று நுண்ணோக்கியில் இரண்டு கண்ணாடித் தகடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். விரல் நுனியிலிருந்து எடுத்த ரத்தத்தில் அணுக்கள் எல்லாம் வழக்கமான வட்டங்களாக, நடுவே வெளிறி, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. அதே பிள்ளையின் கண்ணிலிருந்து எடுத்த நீரிலோ பெரும்பாலான அணுக்கள் இரு முனையும் கூர்ந்து நீண்டு வளைந்திருந்தன. ஒன்றிரண்டு நெல்மணி போல ஒடுங்கியிருந்தன.

எச்.பி.எல்.சி. முடிவில் சாதாரண ஹீமோகுளோபினான ஏ 60 சதவீதம், எஸ் 34 சதவீதம், ஏ2 3 சதவீதத்துக்குச் சற்று மேல், கருவில் மிகுதியாக இருக்கும் எஃப் 1 சதவீதத்துக்கும் கீழ். ஏ அளவு எஸ் அளவைவிடத் தெளிவாக அதிகமாக இருப்பதால் இவன் கேரியர்தான். எஸ் மரபணுவோடு, ஏ உற்பத்தியைக் குறைக்கும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்திருந்தால் இந்த விகிதம் தலைகீழாக இருந்திருக்கும்.

மறுநாள் அழுத்தம் 17. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது 15. மறுகசிவு ஏற்படவில்லை. ஆறு வாரங்களுக்குப் பிறகு பார்வை 6/9, பார்வை நரம்பு இளஞ்சிவப்பாகவே இருந்தது, விழித்திரை அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி.யில் நரம்பிழைப் படலத்தின் தடிமன் இடது கண்ணுக்கு இணையாக இருந்தது. அதற்கு முன் தொடக்கூடாத கோணத்தைக் கோனியோஸ்கோப்பியில் அப்போதுதான் பார்த்தோம்: கீழ்ப்புறத்தில் சுமார் 120 பாகை அளவுக்குக் கோணம் பின்வாங்கியிருந்தது. விழித்திரையின் ஓரம் வரை பார்த்ததில் புதிய ரத்தக்குழாய்களோ அடைப்புகளோ இல்லை.

ஏன் முன்னறையில் மட்டும்

அரிவாள் செல் கோளாறு பீட்டா குளோபின் சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து அமர்வதால் உண்டாவது. ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நீண்ட இழைகளாகக் கோத்துக்கொண்டு சிவப்பணுவை விறைக்கச் செய்கின்றன. கேரியரின் அணுவில் பாதிக்கும் மேல் சாதாரண ஹீமோகுளோபினே இருப்பதால், உடலில் ஓடும் ரத்தத்தில் இந்த இழைகோப்பு நடக்கும் அளவுக்கு ஆக்சிஜன் பொதுவாகக் குறைவதில்லை. அணு நுண்குழாய்களில் அந்த நிலையை நெருங்குவதற்குள் நுரையீரலுக்குத் திரும்பிவிடுகிறது.

முன்னறையில் கசிந்த அணுவுக்குத் திரும்பும் வழி இல்லை. அங்குள்ள நீரில் ஆக்சிஜன் குறைவு. லென்ஸும் கருவிழியின் உட்புறமும் இருப்பதையும் எடுத்துக்கொள்கின்றன. அஸ்கார்பிக் அமிலமோ (வைட்டமின் சி) ரத்த நீரில் இருப்பதைப் போலப் பல மடங்கு. நீர் தேங்கி நிற்பதால் கழிவுகள் சேர்ந்து அமிலத்தன்மை கூடுகிறது. சில மணி நேரத்தில் அணுக்கள் வளைந்து விறைக்கின்றன. சாதாரணச் சிவப்பணு தன்னைவிடக் குறுகிய துளைகளிலும் நெளிந்து நுழைந்து, டிரபெகுலர் சல்லடைத் திசு வழியாக வெளியேறிவிடும். விறைத்த அணு அங்கேயே சிக்கிக்கொள்ளும். எனவே கசிவின் அளவைவிட அணுவின் தன்மையே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. கசிந்தது 2 மி.மீ.தான் என்று நிம்மதி கொள்ள இங்கே இடமில்லை.

அசிட்டசோலமைடு இந்தச் சூழலுக்கு மூன்று வழிகளில் உதவி செய்கிறது: உடலில் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது, சிறுநீரைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது, முன்னறை நீரில் அஸ்கார்பிக் அமிலத்தின் செறிவை உயர்த்துகிறது. அழுத்தத்தைக் குறைப்பதற்காகக் கொடுத்த மருந்து, அழுத்தத்தை உண்டாக்கும் அணுக்களை மேலும் விறைக்கச் செய்கிறது. இந்தச் சிறுவனின் அழுத்தம் ஏறியதற்கு அந்த மாத்திரையே காரணம் என்று ஒரு நிகழ்வை வைத்துச் சொல்ல முடியாது. மாத்திரை இல்லாமலும் ஏறியிருக்கலாம். நிறுத்திய பிறகு அழுத்தம் 36-இலிருந்து 30 அளவுக்கு இறங்கியது என்பது மட்டுமே நம்மிடம் உள்ள செய்தி, அதுவும் வேறு மருந்துகள் கூட இருந்தபோது.

முன்னறை ரத்தத்தில் அரிவாள் அணுக்களைக் கண்டறிவது பற்றியும் அதனால் வரும் அழுத்தம் பற்றியும் அமெரிக்கக் கண் மருத்துவர் மார்ட்டன் கோல்ட்பெர்க் 1970களின் இறுதியில் வெளியிட்ட ஆய்வுகளே இன்றைய நடைமுறைக்கு அடித்தளம். நடுத்தர அழுத்தத்திலேயே பார்வை நரம்புக்கும் விழித்திரைத் தமனிக்கும் செல்லும் ரத்த ஓட்டம் தடைபட்டு, கேரியர்களும் பார்வை இழந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆனால் மறுகசிவு கேரியர்களிடம் அதிகமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. மேலும் இந்தத் தரவுகளில் பெரும்பகுதி ஆப்பிரிக்க வம்சாவளிக் குழந்தைகளைப் பற்றியது. இந்தியாவில் பரவியிருப்பது இந்த மரபணுவின் அரபு-இந்திய மரபுத் தொகுதி. அதில் நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் எஃப் அதிகமாக இருப்பதால் நோய் சற்று மிதமாக இருக்கும் என்பார்கள். அதை வைத்து நம் கேரியர்களின் கண்ணும் பாதுகாப்பானது என்று முடிவுகட்டுவது தவறு. எஃப் அதிகமாக இருப்பது நோயாளிகளிடம். கேரியர்களிடம், இந்தச் சிறுவனைப் போலவே, அது பொதுவாக மிகக் குறைவு. முன்னறையைப் பொறுத்தவரை அந்தக் கவசம் அவர்களுக்குக் கிடையாது என்றே நான் கருதுகிறேன்.

அக்காவின் விழித்திரை

தம்பியோடு வந்திருந்த 17 வயதுப் பெண்ணுக்கு இரு பெற்றோரிடமிருந்தும் எஸ் மரபணு வந்திருந்தது. கண்ணில் எந்தத் தொல்லையும் இல்லை, பார்வை இரு கண்களிலும் 6/6. அதுவரை யாரும் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்ததில்லை. பத்து வயதிலிருந்தே ஓராண்டு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனத்தின் நிபுணர் குழு 2014-இல் அளித்த பரிந்துரை கூறுகிறது. இவளது இரு கண்களிலும் வெளிப்புற ஓரத்தில் சிறு தமனிகள் அடைபட்டு வெள்ளிக் கம்பி போல வெளுத்திருந்தன; வலது கண்ணில் பழைய கசிவு ஆறிய இடத்தில் கருநிறத் தழும்பு ஒன்று இருந்தது. கடல்விசிறி எனப்படும் புதிய ரத்தக்குழாய்கள் இல்லை. கோல்ட்பெர்க் 1971-இல் வகுத்த ஐந்து நிலைகளில் இது முதல் நிலை. லேசர் தேவைப்படவில்லை.

இதையொட்டி ஒன்றைச் சொல்லவேண்டும். நோய் கடுமையானால் விழித்திரைப் பாதிப்பும் கடுமையாகும் என்று எதிர்பார்ப்போம். அரிவாள் செல் அதற்கு நேர்மாறு. 1973 முதல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழுவில், ஒரு பெற்றோரிடமிருந்து எஸ், மற்றவரிடமிருந்து சி மரபணு பெற்ற, உடல்நலக் கேடு குறைவாக உள்ள எஸ்.சி. வகையினரில் 43 சதவீதத்தினருக்கு 20களின் நடுவயதுக்குள் புதிய ரத்தக்குழாய்கள் தோன்றியிருந்தன. இருவரிடமிருந்தும் எஸ் பெற்ற, நோய் மிகக் கடுமையாக உள்ள எஸ்.எஸ். வகையில் அது 14 சதவீதம்தான். எஸ்.சி. வகையில் ரத்தம் கெட்டியாக இருப்பதும், எஸ்.எஸ். வகையில் ஓரக்குழாய்கள் சீக்கிரமே முற்றிலும் அடைபட்டு, புதிய குழாய்களைத் தூண்டும் அளவுக்குக்கூட உயிருள்ள திசு மிஞ்சாமல் போவதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இந்தப் புதிய குழாய்களில் கணிசமானவை தாமாகவே வாடிப்போவதால், கண்டவுடன் லேசர் என்ற அவசரமும் இல்லை. நம் பழங்குடிப் பகுதிகளில் எஸ்.சி. வகை அரிது, எஸ் மரபணுவும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்தவர்களே இங்கே கூடுதல் கவனத்துக்குரியவர்கள்.

கேரியர்களுக்கே விழித்திரை நோய் வரும் என்று சொல்லும் கட்டுரைகளும் உண்டு. அவற்றில் பலவற்றில் நோயாளிக்குச் சர்க்கரை நோயோ உயர் ரத்த அழுத்தமோ சேர்ந்தே இருக்கிறது; அவை தனியாகவே விழித்திரையைக் கெடுக்க வல்லவை. இந்தத் தொடர்பை நான் நிறுவப்பட்டதாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்காக எல்லாக் கேரியர்களையும் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனைக்கு இழுப்பதும் வேண்டியதில்லை. மற்ற ரத்தக் கோளாறுகளிலும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். தலசீமியாவில் காணும் விழித்திரைக் கேட்டில் ஒரு பகுதி இரும்பை அகற்றக் கொடுக்கும் டெஸ்ஃபெரியாக்சமினால் வருவது, நோயால் அல்ல. 1995-இல் ஐரோப்பியக் குடும்பங்களில் விவரிக்கப்பட்ட ஒரு கோளாறில், இரும்பைச் சேமிக்கும் புரதமான எல்-ஃபெரிட்டினின் மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏற்படும் மாற்றத்தால் ஃபெரிட்டின் அளவுமீறிச் சேர்ந்து இளவயதிலேயே கண்புரை வருகிறது. உடலில் இரும்போ மிகுதியாக இல்லை. ஃபெரிட்டின் எண்ணை மட்டும் பார்த்து இரும்பு மிகுதி என்று எண்ணி ரத்தத்தை வெளியேற்றினால் ரத்தசோகைதான் மிஞ்சும்.

அட்டையில் எழுத வேண்டியது

நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் 1952-லேயே பதிவு செய்தார்கள். இந்தியாவில் இக்கோளாறு பற்றி வந்த முதல் பதிவுகளுள் அது ஒன்று. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதித்து அட்டை வழங்குவதை இலக்காகக் கொண்டது. அட்டை பெரும்பாலும் திருமணத்துக்கு முன் துணையின் நிலையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானது என்றே மக்கள் மனத்தில் பதிந்திருக்கிறது. கண்ணில் அடிபட்டால் இந்த அட்டையை மருத்துவரிடம் காட்டவும் என்ற ஒரு வரியை அதில் சேர்ப்பதற்குச் செலவு எதுவும் ஆகாது. மருத்துவமனைப் பக்கத்திலும் வேலை சிறியதே. கூடலூர், பந்தலூர், வயநாடு போன்ற பகுதிகளிலிருந்து முன்னறைக் கசிவோடு வரும் எவருக்கும் அசிட்டசோலமைடு எழுதுவதற்கு முன் கரைதிறன் சோதனையைச் செய்ய வேண்டும். சோதனைக்கு வழியில்லாத இடத்தில், முடிவு தெரியும் வரை அரிவாள் செல் இருப்பதாகவே கொண்டு டைமலாலோடு நிறுத்திக்கொண்டு மேலே அனுப்ப வேண்டும்.

சிறுவன் இப்போது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறான். அழுத்தம் மருந்தில்லாமல் 14 முதல் 16 வரை நிற்கிறது. கோணம் பின்வாங்கிய கண்ணில் பல ஆண்டுகள் கழித்தும் அழுத்தம் ஏறக்கூடும் என்பதால், வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லியிருக்கிறோம். அவனது அக்காவுக்கும் அதே நாளில் விழித்திரைப் பரிசோதனை குறிக்கப்படுகிறது. மலையிலிருந்து இரண்டு முறை இறங்கி வருவதற்கான கூலி இழப்பை அந்தக் குடும்பத்தால் தாங்க முடியாது.